சாச்சியின் கிணற்றில் நீல வளையம்

ஊரெல்லாம் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளும். கிணற்றுக்குள் தண்ணீர் ஊற்றிய மனிதர் எனக்குத் தெரிந்து என் மாமா ஒருவர்தான். அவர் ஏன் ஊற்றினார் என்பது எங்கள் வீட்டாருக்குத் தெரியும். அதனால் என்ன ஆனது என்பது இறக்கக்கண்டி முழுவதும் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்த முடிச்சைப் போட எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அப்போது நான் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளை.

எங்கள் தெரு கடலுக்கும், களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கிற ஒரு மணல் துண்டு. மாரியில் பெய்யும் மழை அந்த மணலுக்குள் இறங்கித் தங்கும். அதைத்தான் ஆண்டு முழுக்க அள்ளிக் குடிக்கவேண்டும். அந்த நல்ல தண்ணீருக்குக் கீழே கடல் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம்; ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். மெதுவாக அள்ளினால் மேலே உள்ளது வரும். அவசரப்பட்டு இறைத்தால் கீழே உள்ளது எழும்பி வரும். வெங்காயம் போடுகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தெரிந்தபடி நடந்தார்களா என்று மட்டும் கேட்கக்கூடாது. சண்டை ஓய்ந்த பிறகு வீட்டுக்கு வீடு மோட்டார் வந்தது, கரையோரம் விடுதிகள் எழும்பின, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வந்துவிட்டது.

எங்களுடைய ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பாமாரும் காக்காமாரான அண்ணன்களும் உழைத்துக் கட்டிக் கொடுக்க, மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து குடியேறுவார். உம்மாவுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்திருந்தது. உம்மாவின் தங்கச்சியான சாச்சிக்குப் பக்கத்து வளவு. உம்மாவைப் பெற்றவர்கள் எனக்கு நினைவு தெரியுமுன்பே மௌத்தாகிவிட்டதால், சாச்சியின் வீட்டைக் கட்டி முடிப்பது நடுவில் பிறந்த மாமாவின் தலையில் விழுந்தது. மாமா வெங்காயம் போட்டார், சீசனில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார், யாராவது அவருக்கே கலியாணம் பேசி வந்தால் சிரித்து அனுப்பிவிட்டார். கையில் காசு வரும்போதெல்லாம் சாச்சியின் வீடு கொஞ்சம் வளரும். வராத மாதங்களில் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் முதலில் சுவரைப் பார்க்கமாட்டார்கள். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி, வாயில் விட்டுப் பார்ப்பார்கள். சுவர் வெடித்திருந்தால் பூசிக்கொள்ளலாம்; தண்ணீர் கரித்தால் அந்த வளவுக்கு யார் வருவார்? புல்மோட்டையிலிருந்து சாச்சியைப் பெண் கேட்டு வந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். மாப்பிள்ளை மீன்வாடிகளுக்கு ஐஸ் லொறி ஓட்டுகிறவர். அவருடைய உம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சக்கரை என்றார். அவர்கள் வந்தது மாரி முடிந்த கையோடு. மாரி முடிந்த கையோடு எங்கள் தெருவில் எந்தக் கிணறும் சக்கரைதான். மாமா அதை எடுத்துச் சொல்லவில்லை, மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம் என்று பேச்சு முடிந்தது.

அந்த ஆண்டு கோடையில் வீசிய கச்சான் காற்று பொல்லாதது. வேலியில் காயப்போட்ட சீலை கையில் எடுக்குமுன் மொறமொறத்துவிடும். சாச்சியின் கிணறு இறங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் அந்தத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணீரில் பால் திரைந்தது. சாச்சி கோப்பையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினாள். ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி எங்கள் தெருவுக்கும் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீரை அளக்கிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு வெள்ளை வான், ஒரு சாரதி, பெட்டி தூக்க ஓர் இளைஞன், எல்லாவற்றுக்கும் தலைவியாக ஒரு மிஸ். மிஸ் திருகோணமலை அன்புவழிபுரத்துக்காரி. பல்கலைக்கழகத்தில் பெரிய படிப்புப் படிக்கிறாராம். மழைக்கு முன்பு ஒரு தரமும் மழைக்குப் பின்பு ஒரு தரமும் ஒரே கிணறுகளை அளந்து, தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால், பெய்த மழையில் எவ்வளவை மணல் சேர்த்து வைத்தது என்று கணக்குப் போடலாமாம். போகிற போக்கில் ஊருக்கும் ஒரு நன்மை செய்தார்கள். அளந்த கிணற்றின் சுற்றுக்கட்டில் பெயின்ற்றால் ஒரு வளையம் போட்டார்கள். நல்ல தண்ணீருக்கு நீலம், சுமாருக்கு மஞ்சள், உப்புக்குச் சிவப்பு.

கடற்கரைப் பக்கத்தில் தொடங்கி எங்கள் பக்கம் வந்தார்கள். வரவரச் சிவப்பு வளையங்களாக வந்தன. சிறுவர்களான எங்களுக்கு அது பெருநாள் அலங்காரமாகத் தெரிந்தது. எங்கள் கிணற்றுக்கும் சிவப்பே கிடைக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மாமா அந்த வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி எங்கள் தெரு முனையில்தான் இருந்தார். சாச்சியின் கிணற்றில் காலையில் சிவப்பு விழுந்தால் அது பகல் சோற்றுக்கு முன்பே புல்மோட்டைக்குப் போய்விடும்.

அன்று மாலை எங்கள் குசினியில், அடுப்படியில், உம்மா, மாமா, சாச்சி மூன்று பேரும் கூடினார்கள். வாப்பா கடலுக்குப் போயிருந்தார். சாச்சி மட்டும் நேராகப் பேசினாள்.

“காக்கா, தண்ணி கரிச்சாக் கரிக்கிது எண்டு சொல்லுங்களன். விருப்பமிரிந்தா வரட்டும், இல்லாட்டிப் போகட்டும்.”

“போனா ஒனக்கு இன்னொருத்தன நான் எங்க போய்த் தேடுற? உப்புக் கிணத்து வீடு எண்டு பேர் வந்தா ஆரு வருவான்?” என்றார் மாமா.

சாச்சிக்கு அப்போது வயது ஏறியிருந்தது. வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கையை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமா அதைச் சொல்லவில்லை என்றாலும் சொன்னது மாதிரித்தான் இருந்தது. சாச்சி எழுந்து தையல் மெசினுக்குப் போய்விட்டாள். வெகுநேரம் மெசின் ஓடவில்லை.

மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்புகிற நேரம், பவுசர் சாச்சியின் வளவுக்குள் பின்பக்கமாக நுழைந்தது. சாரதி மாமாவோடு படித்தவர். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “மச்சான், கிணத்துக்குத் தண்ணி வித்த மொதல் ஆள் நான்தான்” என்றார். மாமா சிரிக்கவில்லை. தண்ணீர் சளாரென்று விழுந்தால் அடியில் உள்ளதோடு கலந்துவிடும். அதற்காக அவர் ஒரு பழைய சாக்கைக் கயிற்றில் கட்டி நீர்மட்டத்தில் மிதக்கவிட்டு, அதன் மேல் குழாயைப் பிடித்தார். தண்ணீர் சத்தமில்லாமல் பரவி ஏறியது. நான் கிணற்றுக் கட்டில் நாடியை வைத்துக்கொண்டு பார்த்தேன். நட்சத்திரமீன் மாதிரி விரிந்து கிடந்த சாக்கு மெல்ல மெல்ல மேலே வந்தது. அதைவிட நல்ல வேடிக்கை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொடுக்கப் பவுசர் வரவில்லை. என்ஜின் பழுது என்று செய்தி போனது. மஞ்சள் தண்ணீர்க் கான்களோடு றோட்டில் நின்ற பெண்கள் வெயில் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கைக்குழந்தை. உம்மா எங்கள் குடத்தில் இருந்ததில் பாதியை அவளுடைய கானில் ஊற்றிவிட்டு, அவள் போனபிறகு மாமாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. ஊற்றிய தண்ணீர் மணல் வழியாகக் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மிஸ்ஸோ முன்வீட்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். மாமா கிணற்றை எட்டிப் பார்ப்பார், றோட்டை எட்டிப் பார்ப்பார். கடைசியில் தானே போய், மிஸ், எங்கட கிணத்த முதல்ல பாத்திட்டு ஆறுதலாக் குடிங்க என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்படி ஓர் ஆர்வத்தை அந்தத் தெருவில் யாரிடமும் கண்டிராத மிஸ் மிகவும் சந்தோஷப்பட்டார்.

அளவுநாடா மாதிரி ஒரு வயர், அதன் நுனியில் ஒரு சின்ன ஈயக்குண்டு. தண்ணீரைத் தொட்டதும் மேலே பெட்டி கீக் என்று கத்தும். எனக்கு அது பிடித்துப்போய், மறுபடியும் கத்தவையுங்கள் என்று கெஞ்சினேன். எனக்காகவே மிஸ் இன்னொரு தரம் இறக்கினார். கீக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

“தண்ணி இறங்குது போல. மோட்டர் ஏதும் போட்டு விட்டிருக்கிறியளோ?”

“பக்கத்து வளவுல இறைக்கிறாங்க மிஸ்,” என்றார் மாமா. பக்கத்து வளவு எங்களுடையது. அங்கே உம்மா மிஞ்சிய அரைக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பிறகு மிஸ் ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். குளோரின் மணக்குது என்றார். டெங்குக்காக மருந்து போட்டார்கள் என்று மாமா அதற்கும் பதில் வைத்திருந்தார். உப்பை அளக்கும் கருவியை மேலாக இறக்கினார்கள். அதில் வந்த எண்ணைப் பார்த்து மிஸ் புருவத்தை உயர்த்தினார், இளைஞனைக் கூப்பிட்டுக் காட்டினார், கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார். சுற்றிலும் சிவப்பு, நடுவில் இப்படி ஒரு தண்ணீரா! அடிவரை இறக்கிப் பார்க்கும் நீள வயர், முதல் நாள் வேறொரு கிணற்றில் மோட்டார்க் குழாயில் சிக்கி அறுந்துவிட்டதாம். திரும்பி வந்து அடியையும் அளக்கிறேன் என்றார். மாமா தலையாட்டினார்.

இளைஞன் நீலப் பெயின்ற்றைக் குழைக்கும்போது மிஸ் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து என்னிடம் கதைத்தார். தண்ணீர் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். நான் கிணற்றைக் காட்டினேன்.

“இல்லை. உம்மட காலுக்குக் கீழ, இந்த நிலம் முழுக்க இருக்குது. வீட்டில புட்டுக்கு மா குழைக்கிறதைப் பார்த்திருக்கிறீரோ? தண்ணி தெளிப்பினம். பிறகு மாவுக்குள்ள தண்ணி கண்ணுக்குத் தெரியாது. கையில பிடிச்சாத்தான் ஈரம். மணலும் அப்பிடித்தான். எவ்வளவு தெளிச்சது, எவ்வளவைப் பிடிச்சு வச்சிருக்குது எண்டு பாக்கத்தான் நான் வந்தனான்.”

எனக்கு அந்த மிஸ்ஸை மிகவும் பிடித்துவிட்டது. பெரிய பிள்ளைகளோடு பேசுவதுபோல என்னோடு பேசிய முதல் ஆள் அவர். பெரியவளானதும் நானும் கிணறு அளப்பேன் என்று அன்று முடிவு செய்தேன். இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆண்டுதோறும் நீர்வட்டம் பாடத்தில், மழை நிலத்துக்குள் இறங்குவதைக் காட்டும் அம்புக்குறிகளைப் பலகையில் வரைகிறேன். பிள்ளைகள் அழகாகப் பார்த்து வரைந்துகொள்கிறார்கள்.

நீல வளையம் காய்வதற்குள் மாப்பிள்ளையின் மாமி வந்து பார்த்துவிட்டுப் போனார். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அன்று மாமா வயிறு நிறையச் சோறு தின்றார். கதை அத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல வேடிக்கைக் கதையாக எங்கள் குடும்பத்தில் நிலைத்திருக்கும். பெருநாளுக்குப் பெருநாள் சொல்லிச் சிரித்திருப்போம்.

ஆனால் மிஸ் அளந்தது வரைபடமாகப் போயிற்று. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்த அதிகாரிகள் அந்தப் படத்தை எடுத்து விரித்தார்கள். சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி. கச்சானிலும் வற்றாத, கரிக்காத ஒரு நன்னீர்த் திட்டு அந்த வளவுக்குக் கீழே இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். சாச்சியின் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அரசாங்கத் துண்டில் குழாய்க் கிணறு அடிப்பது, பெரிய மோட்டார் வைப்பது, பக்கத்தில் உயரத் தண்ணீர்த் தாங்கி கட்டுவது என்று தீர்மானமாகிவிட்டது. அதற்கு முன்பு பேசிக்கொண்டிருந்த திட்டம் வேறு. உள்ளே வயல் பக்கம் தூரத்திலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருவது. செலவு அதிகம் என்று அதைக் கைவிட்டார்கள்.

ஊர் மாமாவைக் கொண்டாடியது. பரக்கத்தான, அருள் இறங்கிய வளவு என்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் முன்வரிசையில் இடம் விட்டார்கள். அன்று வெறுங்கானோடு திரும்பிய பக்கத்து வீட்டுக்காரி வட்டிலப்பம் செய்து கொண்டுவந்து, இனிக் கான் தூக்கத் தேவையில்லை, உங்கட புண்ணியம் என்று உம்மாவின் கையைப் பிடித்தாள். உம்மாவால் அந்த வட்டிலப்பத்தைத் தொட ஏலாமல் போயிற்று. நான்தான் முழுவதையும் தின்றேன்.

அன்று உம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, போய் உண்மையச் சொல்லு. இது இனி நம்மட தங்கச்சிட விசயம் மட்டுமில்ல. ஊர்ட தண்ணி.”

“கலியாணம் முடியட்டும் ராத்தா. முடிஞ்ச அடுத்த நாள் நானே போய்ச் சொல்ற.”

கலியாணம் முடிந்தது. அப்படி ஒரு கலியாணம் எங்கள் தெருவில் நடந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து இறங்கினார். அடுத்த நாள் மாமா போகவில்லை. பிறகு ஒரு நாள் போன நேரம் குழாய் இறக்கி முடித்திருந்தார்கள், அதிகாரிகளும் மாறியிருந்தார்கள், மாப்பிள்ளை வேறு ஊரெல்லாம் கிணத்து வீட்டு மருமகன் என்று பெருமையாகத் திரிந்துகொண்டிருந்தார். தங்கச்சி வந்த ஆளோடு கொஞ்சம் சீராகட்டும் என்று மாமா சொல்லாமலே திரும்பி வந்து நாளைத் தள்ளினார். பிறகு சாச்சி உண்டாகியிருந்தாள். பிள்ளை பிறக்கட்டும் என்றார். உண்மையைச் சொல்வதற்கு நல்ல நாள் பார்ப்பது கலியாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தாங்கியில் தண்ணீர் ஏறி, முதல் குழாயைத் திறந்தபோது துஆ ஓதினார்கள். மாரி அப்போதுதான் முடிந்திருந்ததால் தண்ணீர் இனித்தது. மோட்டார் காலையிலிருந்து மாலைவரை ஓடியது. விடுதிகளுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். ஊர் அதுவரை ஒரு வருடத்தில் அள்ளியதை அந்த மோட்டார் ஒரு மாதத்தில் அள்ளியிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கச்சான் தொடங்கியதும் குழாயில் இலேசாக ஒரு கரிப்பு வந்தது. தாங்கிக்குள் ஏதோ அழுக்கு என்று கழுவினார்கள். களப்புப் பக்கத்தில் ஒருநாளும் கரிக்காத கிணறுகள் கரித்தன. வெங்காயத் தாளின் நுனிகள் நெருப்புப் பட்டதுபோலச் சுருண்டன.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிக்கு வைக்க எனக்கு மனமில்லை. இன்று அந்தத் தாங்கி வெறுமையாக நிற்கிறது. தெருவில் ஒரு கிணற்றிலும் குடிக்கிற தண்ணீர் இல்லை. வெங்காயம் போட்ட மணலில் எருக்கலை நிற்கிறது. தென்னைகள் குரும்பையிலேயே கொட்டுகின்றன. சாச்சியின் புருசன் உப்புக் கிணத்து வீட்டில் இருக்க ஏலாது என்று அவளையும் பிள்ளையையும் புல்மோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண் தன் வீட்டைப் பூட்டிவிட்டு மாமியாரின் வீட்டு மூலையில் போய்க் குடியிருப்பது எத்தனை பெரிய சிறுமை என்று வெளியாருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சாச்சி யாரிடமும் குறை சொன்னதில்லை. மாமா கலியாணம் செய்யாமலே கட்டாருக்குப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். தொலைபேசியில் மழை பெய்ததா என்று மட்டும் கேட்பார்.

நான் சொல்ல வந்தது இது எதுவும் வருவதற்கு முன்பு நடந்த ஒரு பின்னேரம். குழாயில் அந்தக் கரிப்பு தொடங்கியிருந்த காலம். மிஸ் மறுபடியும் வந்தார், இம்முறை பஸ்ஸில், தனியாக. படிப்பை முடித்துக் கொடுக்கவேண்டிய நேரமாம். அதற்கு முன் இந்தக் கிணற்றை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். புது வயர் கொண்டுவந்திருந்தார். அடிவரை இறக்கினார். கீக் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். வயர் இறங்க இறங்க மிஸ்ஸின் முகம் மாறிக்கொண்டே போனது. கருவி பழுதோ என்று நினைத்தேன்.

கிணற்றடியில் நின்ற மாமா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

“மிஸ், அண்டைக்கு நீங்க அளந்தது இந்தக் கிணத்துத் தண்ணி இல்ல. நான் பவுசர்ல கொண்டாந்து ஊத்தின.”

மிஸ் ஏசுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. மாமாவை அதுவரை யாரும் என் முன்னால் ஏசியதில்லை. மிஸ் ஏசவில்லை. கையிலிருந்த வயரை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“அடியில இறக்கிப் பார்த்திருந்தா அண்டைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணா. திரும்பி வரோணும் எண்டுதான் இருந்தனான். வரேல்லை. மேல வந்த கணக்கை வச்சு அடிக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடுத்திட்டன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப நான் போய் இது பிழை எண்டு சொன்னா, என்ர முழுப் படிப்பும் போயிடும்,” என்றார் மிஸ், தனக்குத்தானே சொல்வதுபோல.

“நான் சொன்னா அவள்ட வாழ்க்க போயிரும்,” என்றார் மாமா.

வாசலில் சாச்சி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். மிஸ்ஸுக்குத் தேத்தண்ணீர் ஊற்றட்டா என்று கேட்டாள். மிஸ் அவளை, அந்த வயிற்றை, பூசி முடித்திருந்த சுவர்களைப் பார்த்தார். மாமா அந்த நேரத்தில் சட்டென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ், கடல் வந்த வருசம் இஞ்ச எல்லாக் கிணறும் உப்பாத்தானே போன? பொறகு மாரி வந்து கழுவித் தந்திச்சே. இதையும் கழுவும்தானே?”

கடல் சுனாமியாக ஊருக்குள் ஏறி வந்த அந்த வருடம் உப்பு மேலிருந்து விழுந்தது. மேலிருந்து விழுந்ததை மழை மணலோடு கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டது. இந்த உப்பு கீழிருந்து மோட்டார் இழுத்து எழும்பி வருவது. மோட்டாரை நிறுத்தி, மணலை ஆறவிட்டு, சில மாரிகள் போகும்வரை காத்திருந்தால் ஒருவேளை இறங்கியிருக்கும். ஓடுகிற மோட்டாருக்கு மேல் எந்த மழை பெய்தும் பயனில்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பின்னால். அந்தக் கிணற்றடியில் அன்று அதைத் தெரிந்திருந்தவர் ஒரே ஓர் ஆள்.

“ஓம் அண்ணா,” என்றார் மிஸ். “கழுவும்.”

மாமாவின் முகம் ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் தெளிந்தது. மிஸ் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பெட்டியை எடுத்துக்கொண்டார். போகும்போது என் தலையைத் தடவ வந்த கையை ஏனோ பாதியில் எடுத்துக்கொண்டார். அவருக்கும் மாமாவுக்கும் சண்டை வராமல் போனதில் எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய், மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு, மிஸ் ஏசவே இல்ல, மழை வந்தா சரியாகுமாம் என்று உம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். உம்மா அரிவாள்மணையில் குனிந்தபடியே அல்ஹம்துலில்லாஹ் என்றார். அன்று படுக்கப் போகும்வரை நான் சந்தோஷமாக இருந்தேன். மோட்டாரின் சத்தம் காற்றோடு கேட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குத் தண்ணீர் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.